இயல்பான பயன்பாடு

ஐந்து ரோட்டுக் கடையில்
தீனதயாளன் ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார்.
மெத்தையோடு பலகை எழும்பி
வாய் பிளந்து நின்றது கட்டில்.
உள்ளே ஒரு ஆளே படுக்கலாம்.
"கம்பளி, சூட்கேஸ், விருந்தாளித் தலையணை,
எல்லாம் உள்ள போயிரும் மேடம்.
அஞ்சு வருஷம் வாரண்டி."

அட்டையைக் கேட்டேன்.
பில் போட்டதும் தருவோம் என்றார்.
படித்ததும் பில் போடுங்கள் என்றேன்.
மேசை இழுப்பறை, அடுத்த இழுப்பறை,
மாடிக்கு ஒரு பையனை அனுப்பி
ஒருவழியாக வந்தது
எறும்புச் சாரை போல எழுத்தோடு.

பத்தொன்பது வருடம்
ஏற்காட்டில் விடுதிக் காப்பாளர் நான்.
விடுப்புக் கடிதங்களில்
பிள்ளைகள் போட்ட அப்பா கையெழுத்தையெல்லாம்
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த கண்.
பொடியெழுத்து எனக்குப் புதிதில்லை.

சட்டத்துக்கு ஐந்து வருடம்.
தூக்கும் பிஸ்டனுக்கு ஒன்று.
கீலுக்கு ஆறே மாதம்.
கரையான் சேராது.
கழற்றி மாட்டினால் சேராது.
ஈரத்தால் பலகை உப்பினால் சேராது.

"ஈரம்னா எவ்வளவு ஈரம்?"
"தண்ணி கிண்ணி ஊத்தினா மேடம்."
"ஊத்தவே வேண்டாம். எங்க ஊர்ல
ஜன்னலைத் திறந்தா மேகம் உள்ள வரும்.
ஆனியில துவைச்ச சேலை
தையிலதான் காய்ஞ்ச மாதிரி இருக்கும்."
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
வெளியே சித்திரை வெயிலில்
ஷட்டர் தொட முடியாமல் கிடந்தது.
மலை அவருக்கு
ஞாயிற்றுக்கிழமை, படகு, மிளகாய் பஜ்ஜி.

நாலாவது விதி:
எடை சமமாகப் பரவாத பயன்பாடு
இயல்பான பயன்பாடு ஆகாது.

"நான் இடப்பக்கம்தான் படுப்பேன்."
"சார் அந்தப் பக்கம் படுத்தா..."
"சார் இல்லை."
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.
"அப்ப நடுவுல படுங்க மேடம்,"
என்றார், உண்மையான அக்கறையோடு.

நடுவில்.
நாற்பத்தாறு வயதில்
ஒரு கடைக்காரர் சொல்லித்தான் தோன்றுகிறது.
விடுதிக் கட்டில் இரண்டரை அடி, இரும்பு,
தலைமாட்டில் வெள்ளைப் பெயின்ட்டில் 14.
அதில் ஓரமும் நடுவும் ஒன்றுதான்.
இடப்பக்கம் என்று நான் சொன்னது
கதவுப் பக்கம்;
எந்தப் பிள்ளை இருமினாலும்
கால் முதலில் தரையைத் தொடும் பக்கம்.

திருப்புளியோடு நின்ற சடையப்பன்
நாகலூர்க்காரனாம்.
தீனதயாளன் போன் பேசப் போன நேரம்
அடிப்பலகையைத் தட்டிக் காட்டினான்.
"தூள் பலகைக்கா. ரெண்டு மழை தாங்காது.
நம்ம ஊருக்கு இரும்பு ஃபிரேம் கேளுங்க.
அடியில டிராயர் இருக்கு, இழுத்துக்கலாம்."

இரும்பு.
சிரித்துவிட்டேன், அவனுக்குப் புரியவில்லை.
ஆனால் அகலம் ஐந்தடி.
எண் கிடையாது.
பத்து வருட வாரண்டி.
துரு சேராது.

துருவைச் சுற்றி வட்டம் போட்டேன்.
பெயின்ட் உரியாமலே துருப்பிடித்தால்
கடையே பொறுப்பு என்று
ஓரத்தில் எழுதி நீட்டினேன்.
தீனதயாளன் இருமுறை படித்தார்,
முதலாளியிடம் போனார், வந்தார்.
ஒரு வருஷம் என்றார்.
மூன்று என்றேன்.
இரண்டில் முத்திரை விழுந்தது.

வாடிக்கையாளர் பெயர்: செலஸ்டினா மேரி.
முகவரியில் பேனா கொஞ்சம் நின்றது.
விடுதி என்று எழுதியே பழகிய கை.

அடிவாரம் தாண்டியதும்
பேருந்து விளக்கில் மறுபடி படித்தேன்.
பின்பக்கம் ஒரு விதி,
கடையில் நான் திருப்பிப் பார்க்காதது:
நனைந்த அட்டை செல்லாது.

பதினேழாம் வளைவில்
வெள்ளையாக உள்ளே வந்தது.
ஜன்னல் கண்ணாடி நகரவில்லை.
காலி டிபன் டப்பாவைத் துடைத்து,
எலுமிச்சை சாத வாசனைக்குள்
அட்டையை மடித்து வைத்து
அழுத்தி மூடினேன்.